திரையில் இல்லாத வரி

...மழை என்று அவள் சொல்லவே தேவையில்லை, அது தகரத்தில் விழுகிறதா ஓட்டில் விழுகிறதா என்பதுகூட எனக்குக் கேட்கிறது, கையைத் தூக்கி நிறுத்தச் சொல்லலாமா, வேண்டாம், ஒரே ஒரு சொல், போகட்டும், போன வாரம் இதே மாதிரி ஒரு மழையை வெட்டியதற்கு வீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது உனக்கு எப்படியப்பா தெரியும் என்று யாராவது கேட்டால், மேசையில் தட்டு வைத்த சத்தத்தில் தெரியும், பேசாதவர்கள் வீட்டில் தட்டுதான் பேசும்... சரி, மழை இருக்கட்டும். நாற்காலி நன்றாகச் சாய்ந்து கொடுக்கிறது, ஏசிக் காற்று கணுக்காலில் படுகிறது, சாப்பாடு உள்ளே போய் உடம்பு கனத்துக் கிடக்கிற நேரம், இரண்டு காதையும் மூடிய ஹெட்போனுக்குள் என் மனைவியின் குரல். ‘ஜன்னல் கண்ணாடியில் நீர் வழிகிறது. பெரியவர் திரைச்சீலையை இழுத்து மூடுகிறார்.’ இது நன்றாக இருக்கிறது, வளையங்கள் கம்பியில் உரசும் சத்தம் முடிந்த இடத்தில் சரியாக நிறுத்தியிருக்கிறாள், கெட்டிக்காரி, இதை அவளிடம் சொல்ல வேண்டும், சொல்வேனா, சொல்ல மாட்டேன், வீட்டுக்குப் போனதும் மறந்துவிடும், குறை மட்டும்தான் ஞாபகம் இருக்கும், என் வேலை அப்படி.

என் வேலை கேட்பது. ஆபீஸ் காகிதத்தில் அதற்கு என்னவோ நீளமான பெயர், ஆனால் கேன்டீன் முதல் கணக்குப் பிரிவு வரை எல்லாருக்கும் நான் ‘காது சார்’. கண் போன பிறகு காதால் பிழைக்கிறவன். படத்தில் வசனம் ஓய்ந்திருக்கும் இடைவெளிகளில், யார் வந்து நிற்கிறார், யார் கண்ணைத் துடைக்கிறார், யார் கத்தியை முதுகுக்குப் பின்னால் ஒளிக்கிறார் என்று என்னைப் போன்றவர்களுக்கு ஒரு குரல் சொல்லுமே, விவரணை, அதை எழுதுவது என் மனைவி, வீட்டில் உட்கார்ந்து எழுதி அவளே வாசித்துப் பதிந்து வரைவாக அனுப்புவாள், நான் இங்கே படத்தோடு சேர்த்து அதைக் கேட்க வேண்டும், புரியாத இடத்தில், வளவளத்த இடத்தில், திரையில் இல்லாததை அளந்துவிட்ட இடத்தில் கையைத் தூக்க வேண்டும், தூக்கினால் பக்கத்து நாற்காலி ஒலிப்பதிவாளர் நிறுத்திப் படத்தைப் பார்த்துச் சரிபார்ப்பார். எதையும் இரண்டு தடவை சொல்கிற மனிதர், நிறுத்திட்டேன் சார், நிறுத்திட்டேன், அதனால் ஆபீசே அவரை ரிப்பீட்டு என்று கூப்பிடும், அவரும் ஆமாங்க ஆமாங்க என்று திரும்பிப் பார்ப்பார். வீட்டம்மா எழுதினதுன்னு சலுகை காட்டிடாதீங்க என்று மேலாளர் ஒருநாள் சிரித்தார். சலுகையா... அவள் எழுதியதற்குத்தான் என் கை அதிகமாக மேலே போயிருக்கிறது, ரிப்பீட்டைக் கேளுங்கள், ரெண்டு தடவை சொல்வார்.

காலையில் அவள் அப்படிச் சொல்லாமல் இருந்திருக்கலாம். செருப்பைத் தேடிக் காலால் துழாவிக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து, சாயங்காலம் சீக்கிரம் வாங்க, ஒரு விஷயம் பேசணும். இப்பவே சொல்லேன். இல்ல, உக்காந்து பேசணும். உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் எதுவாக இருக்கும், நின்றுகொண்டு சொல்லக்கூடிய விஷயங்கள் கேஸ் தீர்ந்துபோச்சு, குழாய் ஒழுகுது, இந்த மாதிரி, உட்கார வேண்டியதென்றால்... அவளுடைய அக்கா வாரம் தவறாமல் போன் பண்ணுகிறாள், தனியாத்தானே இருக்கேன், இங்க வந்து என்கூட இருந்துட்டுப் போயேன், எத்தனை நாளைக்குத்தான் நீயும் இப்படியே, இந்த ‘இப்படியே’வைச் சுவருக்கு இந்தப் பக்கத்திலிருந்தே கேட்டிருக்கிறேன், காது சார் அல்லவா. இப்படியே என்றால் நான்தான். அவள் போய்விடப் போகிறாளா? பஸ்ஸில் வரும்போதும் இதுதான், சாப்பிடும்போதும் இதுதான், வெட்கத்தை விட்டுச் சொன்னால் பயமாக இருக்கிறது, அவள் போய்விட்டால் அந்த வீட்டில் எனக்கு வழி தெரியும், அடுப்பு தெரியும், அலமாரி தெரியும், எல்லாம் தெரியும், அதுதான் பயம், எல்லாம் தெரிந்துகொண்டு தனியாக நடமாடுவது.

ஒரு காலத்தில் எப்படிப் பேசுவாள். கண் முழுதாகப் போன புதிதில் சாயங்காலம் கையைக் கோத்துக்கொண்டு தெருவில் நடப்போம், பச்சை கேட் போட்ட வீட்ல நீலம் அடிச்சிருக்காங்க, பார்க்கச் சகிக்கல, மருந்துக் கடைப் பொண்ணு முடியை வெட்டிக்கிட்டா, எதிர்ல ஒரு நாய் வருது, அப்படியே உங்க மாமா நடை, நான் நடுத்தெருவில் நின்று சிரிப்பேன், மாமா செத்துப் போன வீட்டிலும் அந்த நாய் ஞாபகம் வந்து வாயைப் பொத்திக்கொண்டேன். வானம் எப்படி இருக்கு என்று நான் கேட்க, துவைச்சுத் துவைச்சு வெளுத்த துணி மாதிரி இருக்கு, உங்க சட்டை மாதிரியே. இந்த வாயால்தான் அவளுக்கு இந்த வேலையே கிடைத்தது. பஸ் வருது என்பாள், அது எனக்கே கேக்குதே, கேக்காததைச் சொல்லு என்பேன். பக்கத்து வீட்ல சண்டை என்பாள், அதுவும் கேக்குது. அவளும் சிரிப்பாள். சிரித்தாளா? சிரித்த மாதிரிதான் இருந்தது... பிறகு நான் இந்த வேலைக்கு வந்தேன், கையைத் தூக்கக் கற்றுக்கொண்டேன், பிறகு எப்போதோ, எந்த நாள் என்று சொல்ல முடியாதபடி, குழாயில் தண்ணீர் குறைவது போல அவள் பேச்சு குறைந்தது, என்ன ஆச்சு என்றால் நாள் பூரா வாசிச்சு வாய் வலிக்குது. ஊரில் முகம் தெரியாத எத்தனையோ பேர் காதுக்கெல்லாம் அவள் எழுதிய வரி போகிறது, கட்டியவன் காதுக்கு மட்டும் தட்டுச் சத்தம். எங்கே இருக்கே என்று கேட்டால் இங்கதான், அந்த ‘இங்கதான்’ வீட்டின் எந்த மூலையாகவும் இருக்கும், கேட்பதையே விட்டுவிட்டேன், சாயங்காலம் ரேடியோவைப் போட்டுக்கொண்டு முன் அறையில் உட்கார்ந்துவிடுவேன், காலி அறை, பாட்டுப் பாடுவேன், முதுகைச் சொறிவேன், என்னோடு நானே பேசுவேன், காலி அறையில் மனிதன் என்னதான் செய்வான்.

படத்திலும் ரேடியோ. துறைமுகத்தில் படகு ஓட்டி ஓய்வு பெற்றவர், அவர் மனைவி, ஒரு வீடு, விடாத மழை, வேறு எதுவும் நடக்காது, விருது வாங்கின படம் சார், விருது வாங்கின படம் என்று ரிப்பீட்டு ஆரம்பத்திலேயே எச்சரித்துவிட்டுக் கொட்டாவி விட்டார். எனக்கும் கண் செருகுகிறது, செருகினால் என்ன, மூடினாலும் திறந்தாலும் ஒன்றுதான் என்பது இந்த நிலைமையின் ஒரே சௌகரியம். மழைக்குள் அவள் குரல் போகிறது, வருகிறது. ‘பெரியவர் இருட்டு நடைக்கூடத்தில் சுவரைத் தொட்டபடி நடக்கிறார்.’ நானும் நடக்கிறேன், சுவரின் சுண்ணாம்பு விரலில் ஒட்டுகிறது, இது படத்து வீடா எங்கள் வீடா, திரும்பினால் அலமாரி வர வேண்டும், வருகிறது, அலமாரிக்கு அப்பால் கடல் இருக்கிறது, எங்கள் வீட்டில் கடல் இல்லையே, இருந்தால் சொல்லியிருப்பாள், முன்பானால் சொல்லியிருப்பாள், இப்போது அவள் சொல்லாமலே எங்கள் வீட்டுக்குள் என்னென்ன வந்து சேர்ந்திருக்கிறதோ, கடல் வந்து, படகு வந்து, நான் மட்டும் தெரியாமல் ரேடியோ கேட்டுக்கொண்டு... ‘பெரியவர் ரேடியோ பக்கம் தலையைச் சாய்த்திருக்கிறார். இடது காது மடலை விரலால் உருட்டிக்கொண்டே இருக்கிறார், தூக்கம் வராத குழந்தை மாதிரி.’

கை தானாக மேலே போனது. மாதிரி கீதிரி எல்லாம் கூடாது என்று எத்தனை தடவை, இருப்பதைச் சொல், மற்றதைக் கேட்பவன் பார்த்துக்கொள்வான். நிறுத்திட்டேன் சார், நிறுத்திட்டேன். ஹெட்போனை ஒரு பக்கம் கழற்றிக்கொண்டு, குழந்தை மாதிரின்னு வருதே, அதை எடுக்கச் சொல்லுங்க, காதை உருட்டறது மட்டும் இருந்தாப் போதும் என்றேன். ரிப்பீட்டு பின்னால் ஓட்டினார், முன்னால் ஓட்டினார், மறுபடி பின்னால். இல்லையே சார், பெரியவர் காதைத் தொடவே இல்லையே, தொடவே இல்ல, ரெண்டு கையும் பேப்பரைப் புடிச்சிருக்கு. நல்லாப் பாருங்க. நல்லாத்தான் பார்த்தேன் சார். அவள் இப்படித் தப்பு பண்ண மாட்டாளே, அளப்பாள், அலங்காரம் பண்ணுவாள், இல்லாத கையை இருப்பதாகச் சொல்ல மாட்டாள், யோசித்துக்கொண்டிருந்தேன், ரிப்பீட்டு தயங்கி, சார்... நீங்கதான் இப்ப உருட்டிக்கிட்டிருக்கீங்க என்றார்.

விரல் அங்கேதான் இருந்தது. இடது காது, கழற்றிய பக்கம், மடல் சூடாக, எவ்வளவு நேரமாக உருட்டுகிறேனோ, நான் இப்படிச் செய்வேனா, எப்போதிருந்து, கண்ணாடியில் கடைசியாக என்னைப் பார்த்த காலத்தில் இந்தப் பழக்கம் இல்லையே, ஒருத்தரும் சொன்னதில்லையே, இது கேட்காதது, சத்தமே இல்லாதது, பார்த்தால்தான் தெரியும், ஒரு தடவை பார்த்தால்கூடத் தெரியாது, பல சாயங்காலம் பார்த்திருக்க வேண்டும், எழுத உட்காரும்போது திரையை விட்டுக் கண் என் பக்கம் வந்திருக்கிறது, வந்து வந்து, கடைசியில் படகுக்காரர் எது நான் எது என்று கலந்துபோகிற அளவுக்கு... மேலே போடுங்க என்றேன், குரல் கொஞ்சம் ஒரு மாதிரியாகத்தான் வந்தது. ‘மனைவி கதவோரம் நிற்கிறாள். அவர் திரும்பவில்லை. எதையோ சொல்ல வாயைத் திறக்கிறாள். மூடிக்கொள்கிறாள். அங்கேயே நிற்கிறாள்.’ இந்தத் தடவை கையைத் தூக்கவில்லை, வாயாலேயே கேட்டேன், அந்தம்மா வாயைத் திறந்து மூடறது படத்துல இருக்கா? ரிப்பீட்டு ஓட்டிப் பார்க்கும் சத்தம், நாற்காலி கிறீச்சிடும் சத்தம். முதுகுதான் சார் தெரியுது. முகம்? முகமே காட்டல. ரிப்பீட்டு அதை ஒரே தடவைதான் சொன்னார்.

காலி அறை என்று நினைத்தேனே. பாட்டுப் பாடினேனே, முதுகைச் சொறிந்தேனே, செத்துப் போன மாமாவோடு சண்டை போட்டேனே, அப்போதெல்லாம் அவள் அங்கே, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு... காது சாராம் காது சார், ஊரார் படத்தில் செருப்புச் சத்தத்தை வைத்து ஆளின் எடையைச் சொல்கிறவன், சொந்த வீட்டில் மனைவி நிற்பது கேட்கவில்லை. சந்தோஷமாக இருந்தது, ஆமாம், முதலில் சந்தோஷம்தான், என்னைப் பார்க்கிறாள், இன்னும் பார்க்கிறாள், என் காதை ஒரு குழந்தையின் காதாகப் பார்க்கிறாள். அந்தச் சந்தோஷத்தின் வாலைப் பிடித்துக்கொண்டே மற்றதும் வந்தது, வாயைத் திறந்து என்ன சொல்ல வந்தாள்? நாய் ஒன்று தெருவில் போவதையா, வானத்தின் நிறத்தையா, இல்லை நான் அக்கா வீட்டுக்குப் போறேங்க என்பதையா? பிரியத்தில் நிற்பதும் விடைபெறுவதற்காக நிற்பதும் முதுகுப் பக்கத்திலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி இருக்குமோ என்னவோ.

ரெண்டு வரியையும் எடுத்துடலாமா சார், எடுத்துடலாமா? எடுக்கத்தான் வேண்டும். நாளைக்கு எங்கோ ஒருவர் என்னைப் போல் உட்கார்ந்து இந்தப் படத்தைக் கேட்பார், அவருக்குப் பேப்பர் பிடித்திருக்கும் கையைத்தான் சொல்ல வேண்டும், முதுகைத்தான் சொல்ல வேண்டும், அவரை ஏமாற்ற எனக்கு உரிமை இல்லை, என் மனைவி என்னைப் பார்க்கிறாள் என்பதற்கு இந்த உலகத்தில் இருக்கிற ஒரே அத்தாட்சி என்பதற்காக ஒரு தப்பை விட்டுவைக்க முடியுமா. எடுத்துடுங்க என்றேன். இருங்க, எடுக்கறதுக்கு முன்னால இன்னொரு தடவை போடுங்க. போட்டார். இன்னொரு தடவை. அதற்கும் போட்டார், ஒன்றும் கேட்கவில்லை, நல்ல மனிதர். அவள் குரல் அந்த இடத்தில் கொஞ்சம் தாழ்கிறது, ‘அங்கேயே நிற்கிறாள்’ என்பதை மழைக்குக் கீழே வைத்துச் சொல்கிறாள், பிறகு ரேடியோ, பிறகு வெறும் மழை.

இன்றைக்குச் சீக்கிரம் போக வேண்டும், அவள் உட்காரச் சொல்வதற்கு முன்பே உட்கார்ந்துவிட வேண்டும், ரேடியோ வேண்டாம், நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு கதவைப் பார்த்தபடி, என்ன சொல்ல நின்னியோ சொல்லு, கேட்கிறதோ கேட்காததோ எதுவானாலும் சொல்லு, போறேன்னாலும் என் முகத்துக்கு நேரா சொல்லு... நாற்காலியை மனதுக்குள் திருப்பினேன், சமையலறைக் கதவுப் பக்கம், அவள் எழுதுகிற மேசை அங்கேதான், அங்கிருந்துதான் வந்து நின்றிருப்பாள், இல்லை, படுக்கையறைக் கதவாகவும் இருக்கலாம், அந்தப் பக்கம்தான் தரையில் பாய் விரித்திருக்கிறது, காலடி கேட்காது. ஒன்றைப் பார்த்து உட்கார்ந்தால் இன்னொன்றுக்கு முதுகு. ரிப்பீட்டு, கதவோரம் நிற்கிறாள்னு வர்ற வரிக்கு என் குறிப்பையும் சேர்த்து அவளுக்கு அனுப்புங்க என்றேன். அந்த வரியைத்தான் எடுத்தாச்சே சார், எடுத்தாச்சே. பரவாயில்ல, எழுதுங்க. என்னன்னு எழுத? மழை இன்னும் விட்டபாடில்லை, ஹெட்போன் கழுத்தில் தொங்கிக்கொண்டு சின்னதாகப் பெய்கிறது. எந்தக் கதவுன்னு சொல்லலைன்னு எழுதுங்க.