சாயங்கால வெயில் எந்தப் பக்கம்

பூம்புகாருக்குத் தெற்கே இருந்த இலங்கை அகதிகள் முகாமில், சந்தியாம்பிள்ளையைப் பற்றி எல்லோரும் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். மன்னார்க் கரையில் மீன்பிடித்தவர். ஷெல் விழுந்து மண்டையில் அடிபட்டு, பிழைத்ததே பெரிது என்று படகேறி வந்தவர். காலையில் மனைவி திரேசம்மா அவரை உள்ளூர்ப் படகுக்காரர் அமிர்தலிங்கத்தின் துறையில் விட்டுவிட்டு நடவுக்குப் போவாள். நாள் முழுக்கக் கிழிந்த வலைகளைக் கட்டுவார். கை எதையும் மறக்கவில்லை. மாலையில் தனியே திரும்பும்போது மட்டும், சவுக்குத்தோப்பு வரை வந்துவிட்டு மறுபடி கடலுக்கே போய்விடுவார். ஊர் நினைப்பில் புத்தி பேதலித்துவிட்டது என்றார்கள். சொல்ல என்ன, காசா பணமா.

இதனால் முகாமில் ஆட்களை எண்ணும் மாலைக் கணக்கெடுப்பில் இரண்டு முறை ஆள் இல்லை. "அடுத்த தடவையும் இல்லேன்னா பேரை எடுத்துடுவாங்கம்மா, என் கையில ஒண்ணுமில்லை" என்று கணக்கெடுக்க வரும் வருவாய் ஆய்வாளர், ஆர்.ஐ., திரேசம்மாவிடம் சொல்லிவிட்டார். பேர் போனால் அரிசி போகும், குடிசை போகும். அவளே போய் அழைத்து வரலாமென்றால், நடவு முடிந்து முகாமுக்கு வந்து சேரவே அந்த நேரம் ஆகிவிடும்.

தலைக்காயம் பட்டவர்களுக்கு ஞாபகப் பயிற்சி கொடுக்க ஒரு தொண்டு நிறுவனம் காளியம்மாளை அங்கே அனுப்பியிருந்தது. கீழத்தஞ்சைப் பெண். அவள் சிறுமியாக இருந்தபோது, கூலித் தகராறில் அப்பா மருதையனின் மண்டையில் தடி இறங்கியது. பிறகு அவர் சொந்தத் தெருவிலேயே வீடு தெரியாமல் நின்றார். பைத்தியம், பைத்தியம் என்று சொல்லியே அவரை முடித்துவிட்டார்கள். அந்த வார்த்தையைக் கேட்டாலே காளியம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தோப்பு முனையில் சிவப்புத் துணி கட்டிப் பார்த்தாள். வழியை வாய்ப்பாடு போலச் சொல்ல வைத்தாள். அவர் சமர்த்தாக ஒப்பித்துவிட்டுக் கடலுக்கே போனார். ஒருநாள் பேசாமல் பின்னாலேயே நடந்தாள். தோப்பில் அவர் நின்றார். சூரியனைத் தேடிப் பார்த்தார். நிதானமாக அதற்கு முதுகைக் காட்டித் திரும்பினார்.

"எங்கண்ணே போறீங்க?"

"வீட்டுக்கு."

"வீடு இந்தப் பக்கம்னு எப்படித் தெரியும்?"

இதுகூடத் தெரியாதா என்பதுபோல அவளைப் பார்த்தார். "பின்னேரம் கடலால வீட்ட போனா வெயில் முதுகிலதானே பிள்ளை விழும்."

காளியம்மாளுக்கு அப்போதுதான் விளங்கியது. மன்னார் மேற்குக் கரையில் சூரியன் கடலில் விழும்; மாலையில் கடலிலிருந்து வீடு திரும்பினால் வெயில் முதுகில்தான். இங்கே கடலிலிருந்து எழும். எல்லோரும் கைகழுவிய அந்த மூளை, ஊரைத் திசை பிசகாமல் பத்திரமாக வைத்திருந்தது.

"இங்க சாயங்கால வெயில் மூஞ்சியில அடிக்கணும்ணே" என்று அன்றே தொடங்கினாள். சொல்வது சுலபம். பிறந்ததிலிருந்து பழகிய உடம்பு தன் பக்கமே இழுத்தது. தோப்பில் நின்று அவர் தன்னோடு தானே மல்லுக்கட்டுவார். சில நாள் அழுதுவிடுவார். அழுதபடியே வெயிலுக்கு முகத்தைத் திருப்பி நடப்பார். காளியம்மாள் எத்தனையோ பேரைப் பார்த்தவள். இப்படியொரு வைராக்கியத்தைப் பார்த்ததில்லை.

கணக்கெடுப்பு வந்த அன்று ஐப்பசி மழை வானத்தை மூடிக்கொண்டது. வெயிலின் சுவடே இல்லை. தோப்புக்கு ஓடப்போன காளியம்மாளின் கையைப் பிடித்தாள், சேறுகூடக் கழுவாமல் நின்ற திரேசம்மா.

"விடுங்கோ மிஸ். இண்டைக்கு நீங்க கூட்டிக்கொண்டு வந்தா நாளைக்கும் கூட்டிக்கொண்டு வரவேணும்." சொன்னவள் பிடித்த கையை விடவில்லை.

"சந்தியாம்பிள்ளை" என்று கூப்பிட்டார் ஆர்.ஐ. பதில் இல்லை. இன்னொரு முறை கூப்பிட்டார். திரேசம்மாவைப் பார்க்காமல் பேனா மூடியைக் கழற்றினார்.

"ஓம், இருக்கிறன்."

சொட்டச் சொட்ட நனைந்து, மூச்சிரைக்க வந்து நின்றார் மனுஷன். திரேசம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"வெயிலே இல்லையேண்ணே, எப்படி வந்தீங்க?" என்றாள் காளியம்மாள்.

"தோப்பில நிண்டு கண்ணை மூடினன். கடல் இரையிற சத்தம் எந்தப் பக்கமெண்டு கேட்டன். அதை முதுகுக்குப் பின்னால விட்டுட்டு நடந்தன்."

இதை அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. காளியம்மாள் வாய்விட்டு அழுதாள்.

"ஏன் பிள்ளை, பிழையோ?" என்று பதறினார்.

"இல்லண்ணே. எங்கப்பா ஞாபகம் வந்துடுச்சு" என்றாள்.