கழற்றி எடுத்த வயர்

பல்வலிக்கு மருந்து வாங்கி வருவதாகக் கணவன் சின்ராசுவிடம் சொல்லிவிட்டு, சந்திரவல்லி மலைமேல் இருக்கும் போடிமெட்டிலிருந்து காலை ஜீப்பில் போடிக்கு இறங்கினாள். போடி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த செல்போன் கடையை ரேணுகா அப்போதுதான் திறந்துகொண்டிருந்தாள்.

"பத்து நாளா சிக்னலே இல்லம்மா. பக்கத்து வீட்டுக்காரி சிம்மை இதுல போட்டுப் பாத்தேன், அதுவும் எடுக்கல."

"கீழ போட்டீங்களாக்கா? தண்ணி எதும் பட்டுச்சா?"

"ஒண்ணும் இல்ல. பேட்டரி மாத்தணும்னு எங்க வீட்டுக்காரரு மேல ஒரு கடைக்குக் கொண்டுபோனாரு. அதுலருந்துதான் இப்படி."

கடை திறக்கும்போதே வந்து நிற்க அப்படி என்ன அவசரம் என்று ரேணுகா கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சந்திரவல்லி சொல்லியிருக்க மாட்டாள். திருப்பூரில் தன் மனம்போல் கல்யாணம் செய்துகொண்ட மகள் தேவியின் பெயரை வீட்டில் யாரும் சொல்லக்கூடாது என்பது சின்ராசு போட்ட கட்டளை. தேவி ஞாயிறுதோறும் மத்தியானம் கூப்பிடுவாள். பேசி முடித்ததும் சந்திரவல்லி அந்த நம்பரை அழித்துவிடுவாள். அது அவளுக்கு மனப்பாடமும் இல்லை. தேவிக்கு இது ஏழாம் மாதம். போன ஞாயிற்றுக்கிழமை அழைப்பு வரவில்லை.

ரேணுகா பசை இளகப் போனைச் சூடாக்கிப் பின்மூடியைப் பிரித்தாள். லென்ஸ் வழியாக வெகுநேரம் பார்த்தாள்.

"அக்கா, இங்கருந்து இங்க ஒரு ஆன்டெனா வயர் போகணும். அதக் காணோம்."

"அறுந்துபோச்சா?"

"அறுந்தா துண்டு கெடக்கும். ரெண்டு முனையிலயும் பதனமா கழட்டி எடுத்திருக்காங்க." சந்திரவல்லியின் முகத்தைப் பார்த்துவிட்டு, "மாட்ட மறந்துகூட இருக்கலாம்" என்று சேர்த்துக்கொண்டாள்.

பழுதாகிப் போன வேறொரு போனிலிருந்து அதே மாதிரி வயரை எடுத்து மாட்டினாள். சிம்மைப் போட்டு உயிர்ப்பித்ததும் மூன்று கோடுகள் எழுந்தன. அடுத்த நிமிடம் மெசேஜ்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. தவறிய அழைப்புகள் பதினான்கு, எல்லாமே ஒரே நம்பர். கடைசி அழைப்பு நேற்றுச் சாயங்காலம்.

சந்திரவல்லி அந்த நம்பரை அழுத்தினாள். மருமகன் ஜெகதீஷ் எடுத்தான்.

"நேத்து வலி வந்துருச்சு அத்தை. பொம்பளப்புள்ள. ஒண்ணரைக் கிலோகூட இல்ல, கண்ணாடிப் பெட்டியில வச்சிருக்காங்க. ரெண்டு நாள் போனாத்தான் எதையும் சொல்ல முடியும்னு டாக்டர் சொல்றாங்க." பிறகு தேவியின் குரல், தேய்ந்துபோய் வந்தது. "எத்தன தடவ அடிச்சேன். நீயும் அப்பா பக்கம் போயிட்டேன்னு நெனச்சுட்டேன்மா."

"வர்றேன் ஆத்தா. இப்பவே வர்றேன்" என்று சொல்லி, ஆஸ்பத்திரிப் பேரைக் கேட்டுக்கொண்டாள்.

கணவனிடம் சொல்லாமல் போக மனம் ஒப்பவில்லை. அவனைக் கூப்பிட்டாள். இவள் வாயைத் திறப்பதற்குள் அவன் கேட்டான்.

"அந்தப் போனை யாரு பிரிச்சா?"

சிக்னல் எப்படி வந்தது என்று கேட்காமல், யார் பிரித்தது என்று கேட்கிறான். ரிப்பேருக்குக் கொண்டுபோகிறேன் என்று அவள் அவனிடம் சொல்லவே இல்லை.

"வயரை நீங்கதான் எடுக்கச் சொன்னீங்களா?"

அவன் வேலை செய்யும் இடத்தில் ஏலக்காய் காயவைக்கும் மெஷின் இரைந்தது, அதை மீறி அவன் குரலை உயர்த்தினான்.

"எனக்குத் தெரியாம அவகிட்டப் பேசிக்கிட்டு இருந்தேல்ல" என்றான்.

"அவளுக்கு ஏழு மாசத்துலயே புள்ள பொறந்திருச்சு. பொழைக்குமான்னு தெரியல. நான் திருப்பூருக்குப் போறேன்." வைத்துவிட்டாள்.

ரேணுகா தன் தண்ணீர் பாட்டிலை அவள் கையில் திணித்து, தேனி பஸ்ஸில் ஏற்றிவிட்டாள்.

திருப்பூர் ஆஸ்பத்திரி வார்டுக்குள் அவள் நுழைந்தபோது வெயில் இறங்கியிருந்தது. தேவி எழுந்து உட்கார முயன்றாள். சந்திரவல்லி அவளைப் பிடித்துச் சாய்த்து, வீங்கிய கால்களைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் அழுதார்கள். கண்ணாடிப் பெட்டிப் பக்கம் யாரையும் விடவில்லை. குழந்தை மூச்சு விடுகிறது என்று மட்டும் நர்ஸ் சொல்லிவிட்டுப் போனாள்.

அப்போது போன் அடித்தது. சின்ராசு.

"புள்ள எப்படி இருக்கு?" என்றான்.

சந்திரவல்லி போனை மகளிடம் நீட்டினாள். தேவி அதைப் பார்த்தாள், வாங்கவில்லை, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். மறுமுனையில் அவன் வைக்காமல் காத்திருந்தான்.