பாட்டுக் கேட்டால் ஆள் இருக்கிறது

என் வீட்டுக்காரர் தச்சர். ஊரில் பாதி வீடுகளுக்குக் கதவு மாட்டித் தாழ்ப்பாள் போட்டவர். எங்கள் வீட்டில் மட்டும் வாசல் கதவைத் தவிர எதற்கும் தாழ்ப்பாள் கிடையாது, குளியலறைக்குக்கூட. உள்ளே போகிறவர் பாட வேண்டும். பாட்டுக் கேட்டால் ஆள் இருக்கிறது என்று அர்த்தம். நான் பாட ஆரம்பித்தால் பக்கத்து வீட்டுக்காரி ஜன்னலைச் சாத்திவிடுவாள். சாத்தட்டும். பாடகி என்று சொல்லியா என்னைக் கட்டிக்கொடுத்தார்கள்?

காரணம் எனக்கும் அவருக்கும்தான் தெரியும். அவர் சிறுவனாக இருந்தபோது, அடம்பிடித்த தம்பியை அவருடைய அப்பா சாமான் அறையில் தள்ளி வெளியே தாழ்ப்பாள் போட்டார். "அழுகை நின்னாதான் திறப்பேன்" என்றாராம். தம்பிக்கு மூச்சிழுப்பு உண்டு. இவர் கதவோரம் உட்கார்ந்து, "அழாதடா, நிறுத்துடா, திறந்துடுவாரு" என்று கெஞ்சியிருக்கிறார். நின்றது. "அப்பா, நின்னுடுச்சு" என்று சந்தோஷமாக ஓடிப்போய்ச் சொன்னதும் இவர்தான். திறந்து பார்த்தால் பிள்ளைக்கு மூச்சில்லை. அந்த ஆள் போய்ச் சேர்ந்து வருஷக்கணக்காகிறது. எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

போன மாதம் மகள் சண்டைக்கு வந்தாள். "ஃப்ரெண்ட்ஸ் வந்தா மானம் போகுதும்மா. ஒரே ஒரு தாழ்ப்பாள் போடச் சொல்லேன்."

நியாயம்தானே? நானும் அவரை நச்சரித்தேன். "ஏங்க, அவ வளர்ந்துட்டா. எத்தனை நாளைக்குத்தான் பாடிக்கிட்டே குளிப்பா?"

ஞாயிற்றுக்கிழமை போட்டார். ஊருக்கெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு போடுகிறவர், அன்றைக்குத் திருகாணியைத் தவறவிட்டுக்கொண்டே இருந்தார். முடித்துவிட்டு, "சுலபமா வருதா பாரும்மா" என்று மகளிடம் சிரித்தார். விட்டது சனியன் என்று நினைத்தேன்.

மகள் தலை அலச உள்ளே போனாள். டக்கென்று தாழ்ப்பாள் விழுந்தது. பாட்டு வரவில்லை. தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"பாப்பா" என்றார். பதில் இல்லை. "பாப்பா!"

"ஷாம்பு போடுறா, கொஞ்சம் இருங்க..." நான் சொல்லி முடிப்பதற்குள் உளியை இடுக்கில் செருகிக் கதவை நெம்பிவிட்டார். சட்டையெல்லாம் நனைந்து, முகம் முழுக்க நுரையோடு அவள் மூலையில் ஒடுங்கி நின்றாள். அவர் அவளைப் பார்க்கவே இல்லை. தரையைப் பார்த்து "நின்னுடுச்சு, நின்னுடுச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்று மாலை அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மறைத்து இனி என்ன ஆகப்போகிறது? அதன் பிறகு அவள் தாழ்ப்பாள் கேட்கவே இல்லை. உடை மாற்றும்போது பாடினாள், பாடம் எழுதும்போது பாடினாள், படுத்த பிறகும் முணுமுணுத்தாள்.

நேற்று அவளுக்குத் தொண்டை கட்டிக் குரலே வரவில்லை. "இன்னைக்குக் குளிக்காட்டி என்னடி?" என்றேன். கேட்காமல் போனாள். அவர் வெளியே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். உள்ளிருந்து டொக், டொக் என்று சத்தம் விடாமல் வந்தது. எட்டிப் பார்த்தேன். ஒரு கையால் மக்கைச் சுவரில் தட்டிக்கொண்டு, மறு கையால் குளித்துக்கொண்டிருந்தாள்.