முனீஸ் வாங்கி வைத்த ரப்பர்

முனீஸ் இறந்து இரண்டு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சகாயராஜ் மண்ணரைப் பகுதியில் இருந்த அவர் வீட்டுக்கு வந்தான். முனீஸ் கட்டிங் மாஸ்டராக இருந்த பனியன் கம்பெனியில் அவனும் துணி வெட்டும் கட்டிங்கில்தான் வேலை பார்த்தான். இருவரும் கோவில்பட்டிப் பக்கத்துக்காரர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் சேர்ந்து டேபிள் டென்னிஸ் ஆடப் போவார்கள்.

வாங்கி வந்த வாழைப்பழத்தை முனீஸின் மனைவி நதியாவிடம் கொடுத்துவிட்டு, நாற்காலி நுனியில் உட்கார்ந்தான்.

"மதினி, ஒண்ணு கேட்டாத் தப்பா நெனைக்க மாட்டீகளே?"

"கேளு தம்பி."

"அண்ணன் பேட்டுல ஒட்டுததுக்கு ரப்பர் வாங்குனாகல்ல, அது பிரிக்காமலே இருக்கும்னு நெனைக்கேன். ரப்பர் சும்மா கெடந்தாலும் நாள்பட நாள்படக் காஞ்சு போயிரும் மதினி. அண்ணன் குடுத்த வெலைய அப்படியே தந்துருதேன். அடுத்த மாசம் கம்பெனிகளுக்குள்ள போட்டி இருக்கு."

நதியாவின் கண் பீரோவின் பக்கம் போனது. அந்த ரப்பர் பீரோவில், முனீஸின் சட்டைகளுக்கு அடியில் கிடந்தது. சிவப்பில் ஒன்று, கறுப்பில் ஒன்று, இரண்டு அட்டைப் பாக்கெட்டுகள். ஒவ்வொன்றிலும் விரித்த கை அகலத்துக்கு ஒரு ரப்பர் தாள். ஒரு தாள் ஐயாயிரம் ரூபாய்க்கு மேல். பார்சல் வந்த அன்று பாக்கெட்டின் பின்பக்கம் விலையைப் படித்துவிட்டு, அவள் முதலில் நம்பவே இல்லை. அச்சுப் பிழை என்றுதான் நினைத்தாள்.

அன்றைக்கு அவள் போட்ட சத்தம் பக்கத்து வீடு வரைக்கும் கேட்டது.

"பாப்பாவுக்கு டியூசன் வேண்டாம்னு சொன்னீகளே, இதுக்கு மட்டும் எங்கருந்து வந்துச்சு? இந்த வயசுல பந்தைத் தட்டி என்னத்தக் கண்டீக? சொல்லுங்க, இந்த வெலைக்கு இது தகுமா?"

முனீஸ் அதிகம் பேசாதவர். ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு, "தகாதுதான்" என்று மட்டும் சொல்லிவிட்டு, பாக்கெட்டுகளைக் கொண்டுபோய்ப் பீரோவில் வைத்தார். சில நாள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அப்புறம் சமையல் கேஸ் தீர்ந்தது, மகளுக்குக் காய்ச்சல் வந்தது, பேச்சு தானாகத் திரும்பியது. ஆனால் ரப்பரைப் பற்றி அவளும் கேட்கவில்லை, அவரும் எடுக்கவில்லை. அப்படியே இருக்கும்போதுதான் ஒரு காலையில், கட்டிங் டேபிளில் துணி விரித்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கம்பெனி வேன் ஆஸ்பத்திரியை அடைவதற்குள் உயிர் போய்விட்டது.

'தகாதுதான்' என்ற அந்த ஒரு சொல் நதியாவை விடவே இல்லை. வேலைக்குப் போய் ஓவர்லாக் தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கும்போதும் அது வந்து நிற்கும். மனதறிந்து சொன்னாரா, அவள் வாயை அடைக்கச் சொன்னாரா?

"தம்பி, நெசத்தச் சொல்லு. அது அந்த வெலைக்குத் தகுமா?" என்று சகாயராஜைக் கேட்டாள்.

"தகும் மதினி. என்ன இப்படிக் கேட்டுட்டீக? பெரிய பெரிய ஆட்டக்காரங்க எல்லாம் அதத்தான் ஒட்டுதாங்க."

அதைச் சொல்லும்போது அவன் தரையைப் பார்த்தான். அவளுக்குப் புரிந்தது.

"யோசிச்சுச் சொல்லுதேன்" என்று அனுப்பிவைத்தாள்.

அடுத்த ஞாயிறு காலை, இரண்டு பாக்கெட்டுகளையும் முனீஸின் பழைய மட்டையையும் ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு, அவர்கள் ஆடும் இடத்துக்கு அவளே நடந்து போனாள். ஒரு காலத்தில் அது துணி பின்னும் நிட்டிங் யூனிட்டாக இருந்த ஷெட். தொழில் சுருங்கியபோது மெஷின்களை விற்றுவிட்டார்கள். ஷெட்டுக்குச் சொந்தக்கார அம்மா விஜயகுமாரி, காலேஜ் நாளில் யூனிவர்சிட்டிக்காக ஆடியவர். காலியான ஷெட்டில் இரண்டு மேசை போட்டார். மாலையில் பள்ளிப் பிள்ளைகள் வருவார்கள். ஞாயிறு காலையில் கம்பெனி ஆட்கள்.

நதியா வாசலில் நின்றதும் பந்துச் சத்தம் நின்றது. உள்ளே ஒரு மேசையில் சகாயராஜ் இருந்தான். ஃபேன் ஓடினால் பந்து விலகும் என்று எல்லா ஃபேனையும் நிறுத்தியிருந்தார்கள். தகரக் கூரையின் வெக்கை முகத்தில் அடித்தது. விஜயகுமாரி எழுந்து வந்தார்.

"வாங்க, வாங்க. உக்காருங்க. துக்கத்துக்கு வந்தப்ப உங்ககிட்டச் சரியாப் பேசவே முடியலீங்க."

நதியா தண்ணீர் வாங்கிக் குடித்தாள். பையிலிருந்து பாக்கெட்டுகளை எடுத்து பெஞ்சில் வைத்தாள்.

"அக்கா, இது அந்த வெலைக்குத் தகுமா?"

விஜயகுமாரி பாக்கெட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "ஆறுதலுக்குக் கேக்கறீங்களா, நெசமாலுமே தெரியோணும்னு கேக்கறீங்களா?"

"நெசந்தாங்க்கா வேணும். ஆறுதல் சொல்ல நெறயப் பேரு இருக்காக."

"உங்க ஊட்டுக்காரரு ஆட்டத்தைப் பாத்திருக்கீங்களா?"

"ஒரு நாகூட வந்ததில்ல."

விஜயகுமாரி பழைய மட்டையை எடுத்து அதன் மேல் கட்டைவிரலால் ஒரு முறை தேய்த்தார். அதில் ஒட்டியிருந்த ரப்பர் சிமெண்டுத் தரையைப் போல வழவழப்பாக இருந்தது.

"இதுல பந்து வழுக்குமுங்க. எதிராளி பந்தை எத்தனை சுத்தி உட்டாலும் இதுக்குத் தெரியாது. அவரு மேசையோரமா நின்னுட்டு, வர்றதையெல்லாம் சும்மா திருப்பித் திருப்பி அனுப்புவாரு. எதிராளிதான் பொறுமை கெட்டுத் தப்புப் பண்ணுவாங்க. அப்படியே செயிச்சிருவாரு."

வீட்டிலும் அவர் அப்படித்தான் என்று நதியாவுக்குத் தோன்றியது. அதைச் சொல்லவில்லை.

"புதுச ஒட்டியிருந்தா?"

"தோத்திருப்பாருங்க." விஜயகுமாரி தயங்காமல் சொன்னார். "இது பந்தைப் புடிச்சு இழுக்கும். எதிராளி சுத்தி உடறதையும் அப்படியே வாங்கிக்கும். மட்டையச் சும்மா காட்டிட்டு நின்னாப் பந்து எங்கியோ போயிரும். தெனமும் பழகறவங்க, வீசி அடிக்கறவங்களுக்கு இது தகும். அதுவும் கொஞ்ச மாசந்தான், தேஞ்சு போயிரும். வாரத்துக்கு ஒருக்கா ஆடறவருக்கு இதுல கால்வாசி வெலையில கெடைக்கறதே போதுமுங்க. அவருகிட்டயே நான் சொன்னேன்."

நதியா நிமிர்ந்தாள். "அவுககிட்டயே சொன்னீகளா?"

"வாங்கறதுக்கு முன்னாடியே சொன்னனுங்க."

"அவுக என்ன சொன்னாக?"

விஜயகுமாரி மட்டையை மடியில் வைத்துக்கொண்டார். "அவரு படிச்ச பள்ளிக்கூடத்துல ரண்டே மட்டைதான் இருந்துச்சாமா. ரண்டும் தேஞ்சு வழவழன்னு கெடக்குமாமா. வீசி அடிச்சாப் பந்து வழுக்கி நெட்டுல உழுந்துருமாமா. அதனால தடுத்தே ஆடிப் பழகிட்டேன்னாரு. 'இது என் ஆட்டந்தானா, அந்த மட்டை எனக்குப் பழக்கி உட்ட ஆட்டமான்னு எனக்குத் தெரியலைங்க. நல்ல ரப்பர்ல வீசிப் பாத்தாத் தெரிஞ்சிரும்'னாரு. என் மட்டையில ஆடிப் பாருங்கன்னேன். அடுத்தவங்க மட்டை கைக்குச் சேராதுன்னுட்டாரு. அப்படின்னா நடுவாந்தரமா ஒண்ணு வாங்குங்கன்னேன். அதுக்கு என்ன சொன்னாருன்னா, 'அதுல வரலைன்னா, இன்னும் நல்லது வாங்கியிருந்தா வந்திருக்குமோன்னு மனசு கேட்டுக்கிட்டே கெடக்குங்க. இருக்கறதுலயே ஒசந்ததுல வரலைன்னாத்தான் கொறை என்கிட்டன்னு தெரியும். தோத்தாலும் பரவால்ல'ன்னாரு. அப்பறம் நான் ஒண்ணும் சொல்லலீங்க."

நதியாவுக்கு முதலில் வந்தது கோபம்தான். இவ்வளவு பேச்சு அவருக்கு வருமா? பதினாறு வருடம் கூட வாழ்ந்தவளிடம் ஒரு நாளும் வராத பேச்சு இந்தத் தகரக் கொட்டகையில் வந்திருக்கிறது.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லக்கா? நான் என்ன, கேக்க மாட்டேன்னா சொன்னேன்?"

கேட்ட பிறகுதான், அவர் அன்றைக்கு வாயெடுத்தது கண்முன் வந்தது. விலை சரியில்லை என்று அவள் சொன்னது சரிதான். அவருக்கும் அது முன்பே தெரிந்திருந்தது. 'தகாதுதான்' என்று அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் எதற்காக வாங்கினீர்கள் என்று அவள் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாரோ என்னவோ. சொல்லியிருந்தாலும் அன்று இருந்த ஆத்திரத்தில் அவள் காதில் ஏறியிருக்குமா என்பதும் சந்தேகம்தான்.

முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். விஜயகுமாரி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சகாயராஜ் பக்கத்து மேசைக்காரர்களை டீக்கு அழைத்துக்கொண்டு வெளியே போனான்.

அவன் திரும்பி வந்தபோது நதியா முகத்தைத் துடைத்திருந்தாள்.

"இத மட்டையில ஒட்டிருங்கக்கா."

"பிரிச்சுட்டா அப்பறம் அந்த வெலைக்குப் போகாதுங்க" என்றார் விஜயகுமாரி.

"விக்கல. சகாயராசு, நீ கோவிச்சுக்காத."

"கோவம் என்ன மதினி. ஒட்டுங்க."

பழைய ரப்பரை விஜயகுமாரி ஓரத்திலிருந்து மெதுவாக உரித்தார். அடியில் வெளிறிய பலகை வந்தது. கைப்பிடிக்கு மேலே, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பதியும் இடம் மட்டும் வியர்வை ஊறிக் கறுத்திருந்தது. அந்த இடத்தின் மேல் பசை படாமல் தடவினார். பசை காயும் வரை மூவரும் காத்திருந்தார்கள். புது ரப்பரை அழுத்தி ஒட்டியதும், பலகைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஓரத்தைச் சகாயராஜ் கத்தரியால் வெட்டினான். கை எடுக்காமல், ஒரே வளைவாக வெட்டினான்.

"நீயே ஆடு, நான் பாக்கேன்" என்றாள் நதியா.

எதிரே விஜயகுமாரி நின்றார். சகாயராஜ் திருப்பிய முதல் பந்து கூரையில் போய் அடித்தது. அடுத்தது சுவரில். பிறகு கையைத் தாழ்த்தி, கீழிருந்து மேலாக வீசினான். சில பந்துகள் நெட்டுக்கு மேலே எழும்பி, எதிர்ப்பக்க மேசையின் கோடியில் சட்டென்று இறங்கின. அதைப் பார்த்தபோது நதியா தன்னையறியாமல் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டாள். ஆனால் அப்படி இறங்கியவை கொஞ்சம்தான். பெரும்பாலும் வெளியேதான் போயின.

சட்டை வியர்வையில் நனைந்த பிறகு, அவன் மட்டையை மேசையில் வைத்தான்.

"வாங்கியிருந்தா நானும் போட்டியில தோத்துட்டுத்தான் வந்திருப்பேன் மதினி. அன்னைக்குத் தகும்னு சொன்னது உங்க மனசு ஆறட்டும்னு சொன்னது."

"தெரியும்."

மேசையில் இருந்த மட்டையைப் பார்த்தபடி அவள் கேட்டாள்: "அவுகளுக்கு வந்திருக்குமா?"

சகாயராஜ் விஜயகுமாரியைப் பார்த்தான். அவர்தான் பதில் சொன்னார்.

"தெரியாதுங்க. அவரு கை வேற. வந்திருக்கும்னு சொன்னாலும் பொய்யி, வந்திருக்காதுன்னு சொன்னாலும் பொய்யி."

நதியா தலையசைத்தாள்.

"நீங்க ஒருக்காப் புடிச்சுப் பாருங்க" என்று விஜயகுமாரி மட்டையை நீட்டினார்.

அவள் மறுக்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மேசைக்கு வந்தாள். விஜயகுமாரி மெதுவாகப் பந்தைப் போட்டார். மட்டையில் படாமலே சில பந்துகள் போயின. பட்டவை எங்கெங்கோ பறந்தன. சகாயராஜ் பொறுக்கிப் பொறுக்கிக் கொடுத்தான். அவளுக்கு வெட்கமாக இல்லை, அலுப்பும் தட்டவில்லை. சகாயராஜ் வீசியதைப் பார்த்திருந்தாள் அல்லவா, அதே மாதிரி கையைத் தாழ்த்தி மேலே இழுத்தாள். அந்த முறை பந்து மட்டையில் பட்டுத் தெறிக்கவில்லை. ஒரு கணம் ரப்பரில் பதிந்து, அவள் கையோடு வந்து, பிறகு போனது. மணிக்கட்டுக்குள் அதை உணர முடிந்தது. எதிர்ப் பக்கத்தில் அது எங்கே விழுந்தது என்றுகூட அவள் பார்க்கவில்லை.

இதை அவர் ஒரு தடவைகூட அனுபவிக்கவில்லை. அந்த நினைப்புத்தான் அவளை நிறுத்தியது. மட்டையைக் கீழே வைத்தாள்.

புறப்படும்போது அதை விஜயகுமாரியிடமே கொடுத்தாள்.

"இங்க இருக்கட்டுங்க்கா. மட்டை இல்லாம வாரவக எடுத்து ஆடட்டும். பத்திரமாப் பூட்டி வைக்க வேண்டாம். தேஞ்சா தேயட்டும்."

"சரிங்க."

வீட்டுக்கு வந்து சமைத்தாள், துவைத்தாள். சாயங்காலம், பத்தாவது படிக்கும் மகள் பாடப் புத்தகத்தை விரித்துக்கொண்டே கேட்டாள்.

"அந்த ரப்பர வித்துட்டியாம்மா?"

"இல்ல. அப்பா மட்டையிலயே ஒட்டி ஆடிப் பாத்தேன்."

"நீயா?" மகள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினாள்.

நதியா அவளிடம் எல்லாவற்றையும் சொன்னாள். பள்ளிக்கூடத்து மட்டையைச் சொன்னாள், தடுத்தே ஆடியதைச் சொன்னாள், அப்பாவுக்குத் தெரிய வேண்டியிருந்த அந்த ஒரு விஷயத்தையும் சொன்னாள். அன்றைக்குச் சண்டை போட்டு அவரைப் பேசவிடாமல் செய்ததையும் மறைக்கவில்லை.

"அப்ப அப்பாவுக்கு அது தெரியவே இல்லையாம்மா?"

"இல்ல பாப்பா. தெரியாமலே போச்சு."

மகள் புத்தகத்தை மூடிவிட்டு, அம்மாவின் பக்கத்தில் வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். அப்பா அப்புறம் என்னவெல்லாம் சொன்னாராம் என்று கேட்டாள். நதியா நினைவுபடுத்தி நினைவுபடுத்தி, ஒன்று விடாமல் சொல்லத் தொடங்கினாள்.