வீட்டுக்கு ஒரு கை

மேற்கே சாய்ந்த கதிரவன், பெல்லெக்ரினோ மலையின் பாறை முகத்தில் கடைசிப் பொன்னைப் பூசிவிட்டுக் கூலி கேளாமலே வேலைத்தலம் நீங்கும் கொத்தனைப் போல முகில்களுக்குப் பின்னே நழுவ, நாப்போலிக்குப் புறப்படும் பெருங்கப்பல் தன் வயிற்றைத் திறந்து சுமையூர்திகளை ஒவ்வொன்றாக விழுங்க, சுமை ஏற்றுவோரின் கூவலும் கடற்பறவைகளின் கூவலும் ஒன்றையொன்று வெல்ல முயன்று இரண்டுமே தோற்க, பலேர்மோத் துறைமுகத்தில் கார்த்திகைத் தூறல் விழத் தொடங்கியது. தொண்ணூறுகளின் நடுவே ஒரு வியாழக்கிழமை அது. படிப்பவர் அந்நாளின் பெயரை நெஞ்சில் இருத்திக்கொள்ள வேண்டும். இக்கதை நிற்பது அந்நாளின் மேல்தான்.

அந்நகரின் செல்வர் இல்லங்களிலே தங்கி, சமைத்து, தரை துடைத்து, முதியோரைத் தூக்கி நீராட்டி வாழும் பெண்களுக்கு ஓய்வென்று வாய்ப்பது வியாழன் பிற்பகல். ஞாயிறும் ஓய்வே என்பார்கள். ஆயின் ஞாயிற்று விருந்தை ஆக்கிப் படைத்து, உண்ட தட்டுகளைக் கழுவி அடுக்கி முடிப்பதற்குள் அவ்வோய்வு மாலையாகிக் கரைந்துவிடும். ஓய்வு உண்டு, ஒதுங்க இடம் இல்லை என்பதே அவர்கள் நிலை. மொண்டெல்லோக் கடற்கரையில், ‘சிஞ்ஞோரா’ என்று பணிப்பெண்கள் அழைக்கும் ஒரு முதிய சீமாட்டியின் மாளிகையில் வேலை செய்த மன்னார்ப் பெண் அற்புதமலரும் அவள் தோழியரும், கப்பற்சீட்டு விற்கும் கட்டடத்தின் இறவாரத்தின் கீழ், விலைபோகாமற் கூடையில் தங்கிய மீன்களைப் போல நெருங்கி நின்று, கட்டிவந்த சோற்றை நின்றபடியே உண்பார்கள். மழை வலுத்தால் காவலன் வருவான், கப்பலுக்குப் போகாதவர்கள் விலகுங்கள் என்பான், விலகுவார்கள்.

அவ்வாண்டு பங்குத்தந்தை ஒரு சொல் சொன்னார். கோயிலை ஒட்டிய பழங்கூடத்தைத் தமிழர் மன்றத்துக்குத் தரலாம். ஆனால் நூறு பெயருக்குக் குறையாத மன்றமும், அதை நடத்தும் விதிகளை வகுத்தெழுதிய ஒழுங்கான யாப்பும் வேண்டும் என்றார். யாப்பெழுதும் பணி அருளம்பலத்தின் தோளில் விழுந்தது. யாழ்ப்பாணத்தில் குடியியல் கற்பித்து, பலேர்மோவில் அடுக்குமாடிகளின் படிகளைக் கழுவிக்கொண்டிருந்த அவர், உலகத்து யாப்புகள் பலவற்றுள்ளும் அமெரிக்கரதையே நெஞ்சில் வைத்துப் போற்றியவர். ஒன்றையொன்று நம்பாத பதின்மூன்று சிறு நாடுகள், அந்த நம்பாமையையே அடித்தளமாக இட்டு எழுப்பிய வீடு அது என்பார். சட்டம் ஆக்குபவர் சிலர், ஆட்சி நடத்துபவர் சிலர், வழக்குத் தீர்ப்பவர் சிலர். ஒருவரையொருவர் கண்கொத்திப் பாம்பாய்ப் பார்த்திருக்க வேண்டும். அப்போதுதான் குடிகள் கண்ணயரலாம் என்பார். அவ்வாறே மன்றத்துக்கும் மூன்று குழு வகுத்து, ‘பலேர்மோவில் வாழும் தமிழ் மக்களாகிய நாங்கள்’ என்று தொடங்கி, அழகுற எழுதி முடித்தார். முடிவெடுக்கும் நாளில் கை உயர்த்தும் முறை மட்டும் நம் ஊர்முறைப்படி அமைந்தது: வீட்டுக்கு ஒரு கை.

செய்தி காதில் விழுந்த அதே வியாழனன்று, அற்புதமலர், அருளம்பலம் படி கழுவும் கட்டடத்துக்குச் சென்றாள். அவர் மூன்றாம் மாடியில், வாளியும் துடைப்பமுமாய்க் குனிந்து நின்றார்.

“மாஸ்டர், அந்த நூறு பேரிலை நாங்களும் இருக்கிறமோ?”

“ஓம் பிள்ளை. நீங்கள் இல்லாட்டி நூறு எங்கை வாறது?”

“அப்ப எங்களுக்குக் கை?”

“கை வீட்டுக்கொண்டு. உங்களுக்கு இஞ்சை வீடில்லையே.”

“வீடிருக்கு. அங்கை கை சிஞ்ஞோராவுக்கு” என்றவள், கழுவாத படியொன்றைத் தேடி நின்றுகொண்டாள். “இதை அமெரிக்காவிலை இருந்துதானே எடுத்தனீங்கள். அங்கையும் இப்பிடித்தானோ?”

பொய் சொல்லும் கலை அருளம்பலத்துக்கு வாய்க்கவில்லை. “அங்கை இதைவிட மோசம். எல்லாரும் சமன் எண்டு விடுதலை அறிவிச்ச முதற் பத்திரத்திலை எழுதினவை. பிறகு சட்டம் எழுதேக்கை, அடிமையள் அஞ்சு பேரை மூண்டு பேராக் கணக்கெடுத்தவை. ஆள்க்கணக்குக்கு மட்டும். கை இல்லை.”

“நீங்கள் எங்களை முழுசாத்தானே எண்ணியிருக்கிறியள். பெரிய மனசு.”

ஈரப்படி என்றும் பாராமல் அவர் அமர்ந்துவிட்டார். தன் எழுத்தில் எந்த இடத்தில் ஓட்டை விழுந்தது என்று அப்போதுதான் அவருக்குப் புலப்பட்டது. “அவையும் திருத்தினவை பிள்ளை. திருத்திறதுக்கு ஒரு வழி வைச்சுத்தான் எழுதினவை.”

“எவ்வளவு காலத்துக்குப் பிறகு?”

“ஒரு பெரிய சண்டை முடிய.”

“எனக்கு அவ்வளவு காலம் இல்லை, மாஸ்டர். வாற வியாழனும் மழையாம்.”

மழை சொன்ன சொல் தவறவில்லை. மறு வியாழனன்று, வானமே பொத்தலான கூரைபோல் ஒழுகிக்கொண்டிருக்க, மன்றத்தின் தலைவர் சுவாம்பிள்ளை குடையோடு இறவாரத்துக்கு வந்தார். மன்னாரில் படகும் வலையும் ஆளும் வைத்துத் தொழில் நடத்திய சம்மாட்டி அவர். இப்போது ஸ்ஃபெர்ராகவால்லோ என்னும் கரையோர ஊரின் உணவகமொன்றில் பிறர் பிடித்த மீனுக்குச் செதில் சுரண்டுகிறார். படகுகள் போனாலும் அவற்றை ஏவிய குரல் போகவில்லை.

“தங்கச்சி, ஏன் இந்தச் சட்டக் கதை? வியாழன் பின்னேரம் முழுக்கக் கூடத்தின்ரை திறப்பை உங்களிட்டைத் தாறன். இருங்கோ, தேத்தண்ணி குடியுங்கோ. அந்தக் கைக் கதையை மட்டும் விடுங்கோ.”

கூரை கிடைத்தது. பெண்களின் முகங்கள் விளக்கேற்றியது போல மலர்ந்தன. அவர்களுள் மூத்தவளும் இரு கிழமையாக இருமிக்கொண்டிருந்தவளுமான மாக்கிரட், அற்புதமலரின் முந்தானையைப் பற்றி இழுத்தாள். “வாங்கடி. கையைப் பிடிச்சு மழையை மறைக்கேலாது.”

அற்புதமலர் அவர் நீட்டிய திறவுகோலைப் பார்த்தாள்; மன்றம் அமையுமென்ற நம்பிக்கையில் பங்குத்தந்தை அவரிடம் தந்திருந்தது அது. பித்தளை, பழையது, அவள் ஆறாண்டுகளாக விரும்பிய கூரையைத் திறப்பது. எனினும் அவள் நெஞ்சில் எழுந்தது சீமாட்டியின் சிரித்த முகம். நாளை வியாழன் உனக்கு விடுமுறை என்று அன்போடு சொல்லும் அதே வாய், விருந்தினர் வரும் நாளில், இந்த வியாழன் வேண்டாம் கண்ணே என்றும் அதே அன்போடு சொல்லும். அந்தச் சிரிப்பில் கொடுமை ஏதும் இல்லை. அதுதான் அதன் கொடுமை.

“சம்மாட்டியார், இந்த வியாழனும் எனக்கு ஒருத்தர் தந்ததுதான். சிஞ்ஞோராவின்ரை மருமகன் மிலானிலையிருந்து வந்தா அண்டைக்கு வியாழன் இல்லை. தந்தவைக்கு எடுக்கவும் தெரியும். எங்கடை கையையும் எண்ணுங்கோ. இல்லாட்டி எங்கடை பேரை வெட்டுங்கோ.”

“வெட்டினா நூறு வராது. ஒருத்தருக்கும் கூடம் இல்லை.”

“ஓம். அப்ப நீங்களும் வாங்கோ. இஞ்சை இன்னும் நாலு பேர் ஒதுங்கலாம்.”

சுவாம்பிள்ளை சிரிக்கக் கூடாதென்று நினைத்தும் சிரித்துவிட்டார். ஆயினும் திறவுகோலை மடியில் முடிந்துகொண்டு போனார். அன்று மாக்கிரட் அற்புதமலரோடு கதைக்கவில்லை. அடுத்த வியாழனும் கதைக்கவில்லை. காவலன் வந்து விலக்கியபோது, நனைந்த தோழியர் எல்லாரும் அற்புதமலரைப் பார்த்த பார்வை மழையினும் குளிர்ந்திருந்தது. செய்தது பிழையோ என்று அவளே தன்னைக் கேட்டுக்கொண்டு, மொண்டெல்லோப் பேருந்தில் ஈரச் சேலையோடு நின்றபடி திரும்பினாள்.

மன்றத்து ஆடவர் அறங்கருதி மனம் மாறினார்கள் என்று எழுதினால் கதை அழகு பெறும். ஆனால் அது பொய்யாகும். வசைகள் பறந்தன, நாளைக்குச் சமையற்கட்டும் யாப்பெழுதக் கேட்கும் என்றான் ஒருவன். முடிவில் நூறு என்னும் எண் வாய்திறவாமல் வாதாடி வென்றது. அருளம்பலம் வீடு என்ற சொல்லை அடித்து, ஆள் என்று எழுதினார். வாக்கெடுப்பு ஒரு வியாழன் பிற்பகலுக்கு வைக்கப்பட்டது.

அந்நாளில் கூடம் நிறைந்தது. வெளுப்புநீரில் வெடித்த கைகளும், செதில் ஒட்டிய கைகளும், துடைப்பம் பிடித்துக் காய்த்த கைகளும் ஒருசேர உயர்ந்தன. மாக்கிரட் மட்டும் இல்லை. அவள் வேலை செய்த வீட்டில் அன்று விருந்து.

“அவளின்ரையையும் சேத்து எண்ணுவம். ஓமெண்டுதானே சொல்லுவாள்” என்றார் சுவாம்பிள்ளை, உண்மையான பரிவோடு.

“வேண்டாம், சம்மாட்டியார். அவளைக் கேளாமல் அவளின்ரை கையை ஆர் தூக்கினாலும், அது பழைய கணக்குத்தான்.”

யாப்பு நிறைவேறியது. அருளம்பலம் ஏட்டின் அடியில், ஒப்பமிட்டோர் வரிசைக்குக் கீழே, மாக்கிரட்டின் பெயருக்கு இடம் விட்டார். அதற்குக் கீழும், இனி எழப்போகும் திருத்தங்களுக்கென்று, வெறுமையாகவே விட்டார்.

அடுத்த வியாழனும் மழை. உலர்ந்த கூடத்தில் மாக்கிரட் சூடான தேநீரை இரு கைகளாலும் பற்றி அமர்ந்திருந்தாள். அற்புதமலர் ஏட்டை அவள் முன் வைத்து, “உன்ரை கை என்ன சொல்லுது, அக்கா?” என்றாள்.

மாக்கிரட் ஏட்டைப் பார்த்தாள், யன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்தாள், இருமினாள். “ரெண்டு வியாழன் என்னை நனைய விட்டனீ. யோசிச்சுச் சொல்லுறன்.”

எவரும் அவளை விரைவுபடுத்தவில்லை. பேரரசுகளின் யாப்புகளாயினும் நூறு பேர் மன்றத்தின் யாப்பாயினும், எழுதியவர் நல்லவர் என்பதால் மட்டும் நின்றதில்லை; எண்ணப்பட்டும் கேட்கப்படாதவர் ஒருநாள் வந்து நிற்கையில், காத்திருக்க அறிந்தவரால்தான் அவை நிற்கின்றன. அறுபதாண்டு வாழ்வில் மாக்கிரட்டின் விடைக்காக ஒரு கூடம் காத்திருந்தது அதுவே முதன்முறை. அவள் தேநீரை மெல்லவே குடித்தாள்.