மாடிப்படி மேல் ஒரு புகார்

அந்தப் பள்ளிக்கூடத்தில் மாடி பழசு, கெட்டி. படிதான் புதுசு. கட்டினவர்களில் நானும் ஒருத்தன். கலவையில் எல்லாம் மணல்தான். சிமெண்டைக் கண்ணில் காட்டினதோடு சரி. மீதி மூட்டைகளைக் காண்டிராக்டரின் சொந்த வீட்டு வேலைக்கு நாங்களே வண்டியில் ஏற்றிவிட்டோம். திங்கட்கிழமை என் மகளின் வகுப்பு மாடிக்குப் போகிறது.

வெள்ளிக்கிழமை லஞ்ச ஒழிப்பு அலுவலகத்துக்குப் போனேன். படியில் விரலால் சுரண்டின தூளைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுபோயிருந்தேன்.

அதிகாரி மோந்து பார்த்தார். "யாராவது விழுந்தாங்களா?"

"இன்னும் ஏறவே இல்லைங்க."

"அப்ப பாதிப்பு யாருக்குய்யா? விழுந்தவங்க வந்து எழுதிக் குடுக்கணும்."

"விழுந்த புள்ள எப்படி சார் வந்து எழுதும்?"

"அதுக்குத்தானே வாரிசுன்னு ஒரு கட்டம் வச்சிருக்கோம்!" என்று படிவத்தைத் தட்டிக் காட்டினார்.

"அப்ப புகார்ப் பெட்டியில போட்டுடறேன்."

"பெட்டிச் சாவி, லஞ்சம் வாங்கி மாட்டினாரே எங்க பழைய அதிகாரி, அவர்கிட்ட இருக்கு. போய்க் கேட்டா விசாரணையில தலையிட்ட மாதிரி ஆயிடும்."

பக்கத்து மேசைக்காரர் இரக்கப்பட்டார். "எங்களுக்கும் மனசு இருக்குய்யா. ஆனா இது லஞ்ச ஒழிப்பு வாரம். பேச்சுப்போட்டி, பேனர்னு மூச்சு விட நேரமில்லை. வாரம் முடியட்டும், ஒழிச்சிடலாம்."

வீட்டில் சம்சாரம் கேட்டாள், "என்ன சொன்னாங்க?"

"விழுந்ததும் வரச் சொன்னாங்க."

அவள் சம்மட்டியை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

ஞாயிறு மத்தியானம் இரண்டு பேரும் போனோம். நாலாவது அடிக்கே மொத்தப் படியும் பொத்தென்று உட்கார்ந்துவிட்டது.

"இதைத்தான் ரெண்டு மாசமா கட்டினீங்களா? வெக்கமா இல்ல?" என்றாள்.

இருந்தது.

திங்கட்கிழமை பிள்ளைகளைக் கீழே வராந்தாவில் உட்காரவைத்துவிட்டார்கள். ஒழிப்பு வாரம் முடிந்துவிட்டதால், என் தூள் பொட்டலத்தையே புகாராக வைத்துக்கொண்டு அதிகாரியும் வந்துவிட்டார்.

"எங்கய்யா படி?"

"இல்லைங்க."

"இல்லாத படிக்கு யார் மேல நடவடிக்கை எடுக்கறது?" அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதி. 'புகாரில் கண்ட படி காணப்படவில்லை' என்று எழுதி, என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். "புதுசா கட்டப் போறாங்க. அதே காண்டிராக்டர்தான், அனுபவசாலி. ஆள் வேணுமாம், வர்றியா?"

வருகிறேன் என்றேன். மொத்தம் நாற்பது மூட்டை சிமெண்டு இறங்குமாம். ஒன்றுகூட வண்டியேறிப் போகாதபடி மூட்டைக்கு ஒருவராக மேலே ஏறி உட்கார, எங்கள் தெருவில் இதுவரை முப்பத்தெட்டு பேர் சம்மதித்திருக்கிறார்கள்.