அமைதிக்கு ஒரு அறிவிப்பு

பெருநகர் கிராமத்துச் சுற்றுவட்டாரத்தில் காதுகுத்தானாலும் சாவானாலும் வேதகிரியின் ரேடியோ செட்டுதான் அலறும். அப்பேர்ப்பட்டவன் சத்தம் தாங்கவில்லை என்று மனு எழுதினால் ஊர் சிரிக்காதா?

"ரத்தத்தப் பாத்து கொசு மயங்கி வுழுந்த கதையா கீது" என்றான் டீக்கடை ஆசிக். வேதகிரியும் சேர்ந்துதான் சிரித்தான்.

ஆனால், தலையில் ஆபரேஷன் முடிந்து வந்த அவன் மனைவி தேவகிக்கு மாத்திரையைவிடத் தூக்கம் முக்கியம் என்றிருந்தார் டாக்டர். ஊர்க்கோடியில் புதிதாக வந்த ஜல்லி கிரஷரோ விடிந்தது முதல் அவள் மண்டைக்குள்ளேயே கல்லை உடைத்தது.

மூன்றாவது மனுவுக்கு, சத்தம் அளக்கும் கருவியோடு அதிகாரி ஜெயப்பிரியா வந்தார். அன்று பார்த்து ஆடி வெள்ளி. வேதகிரியின் வீட்டுக்கு எதிரிலிருந்த அம்மன் கோயிலில் கூழ் வார்த்தல். அங்கே போட்டிருந்த பாட்டை நிறுத்திவிட்டு ஓடிவந்தான் வேதகிரி.

"பகல்ல வீடுங்க பக்கம் அம்பத்தஞ்சு டெசிபல் தாண்டினா கிரஷருக்கு நோட்டீஸ். கால் மணி நேரம் யாரும் சத்தம் போடக்கூடாது. இன்னிக்கு விட்டா அடுத்த மாசம்தான் வருவேன்."

கூழுக்கு நின்ற கூட்டம் சலசலத்தது. வேதகிரிக்குக் கை பரபரத்தது. தொழில் புத்தி. பாய்ந்து மைக்கைப் பிடித்தான்.

"அலோ... அலோ... மேடம் சத்தம் அளந்துக்கினு கீறாங்க! அல்லாரும் அமைதியா இருங்க! ராணியம்மா யக்கா, அந்த அண்டாவ உருட்டாத!"

நான்கு குழாய் ஸ்பீக்கர்களும் அதை ஊர் எல்லைவரை கொண்டுபோய்ச் சேர்த்தன.

ஜெயப்பிரியா கருவியைக் காட்டினார். தொண்ணூற்றெட்டு. "உங்ககிட்ட கிரஷர் தோத்துப்போச்சுங்க. இது செல்லாது, முதல்லேர்ந்து எடுக்கணும்."

கிரஷரைச் சாப்பாட்டுக்கு நிறுத்த இருபது நிமிடம்தான் பாக்கி. வேதகிரி ஒயரையே பிடுங்கினான். ராணியம்மாள் அண்டாவைக் கட்டிப்பிடித்தபடி மூச்சுவிடாமல் நின்றாள். கிரஷர் மட்டும் தனியாக மென்றுகொண்டிருந்தது.

அறுபத்து நான்கு.

"நோட்டீஸ் போயிடும்" என்ற ஜெயப்பிரியா குழாயைப் பார்த்தார். "இதையும் அளந்துடலாமா?"

"வாணாம் மேடம். அது எவ்ளோன்னு என் பொண்டாட்டி இருவது வருசமா சொல்லிக்கினுதான் கீறா."

கிரஷர் நின்றது. பாட்டைப் போடச் சொல்லிப் பூசாரி சைகை காட்டினார். வேதகிரி நகரவில்லை.

எதிரே வீட்டுக்குள்ளிருந்து தேவகி கேட்டாள்: "இன்னாய்யா, கரண்டு போச்சா?"

"ஆமா. சாயங்காலந்தான் வருமாம். நீ தூங்கு."